எடை குறைந்த பின் தொங்கும் தோல்: ஒரே அறுவையில் எல்லாம் சரியாகிவிடுமா?

43 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். உயரம் 172 செ.மீ. ஒரு காலத்தில் எடை 148 கிலோ. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் இரைப்பையைக் குறுக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டார். இப்போது 86 கிலோ, கடந்த ஏழு மாதமாக எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, குறட்டை நின்றுவிட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் அடிவயிற்றுத் தோல் தொடை வரை மடிந்து தொங்குகிறது. மடிப்புக்கு அடியில் அடிக்கடி சிவந்து, புண்ணாகி, வாடை அடிக்கிறது. நடந்தால் உள்தொடைகள் உரசி எரிகின்றன. பிட்டம் வற்றிப்போனதால் பலகையில் உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது. "சட்டைக்குள் இருப்பது இன்னும் அந்தப் பழைய ஆள்தான் என்று தோன்றுகிறது" என்கிறார்.

இரண்டு இடங்களில் ஆலோசனை கேட்டிருக்கிறார். ஓரிடத்தில் தழும்பே இல்லாமல் ஒரே நாளில் லைபோசக்‌ஷன் செய்துவிடலாம் என்றார்கள். இன்னோரிடத்தில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக அறுவை செய்ய வேண்டும், தொடையைப் பிறகு பார்க்கலாம் என்றார். "எல்லாவற்றையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடுங்கள்" என்று இவர் கேட்டதற்கு அவர் சம்மதிக்கவில்லை. உடற்பயிற்சி செய்தால் தோல் தானாகச் சுருங்கும் என்கிறார்கள் நண்பர்கள். "உயிரோடு திரும்பி வந்ததே போதும், அழகுக்காக மறுபடி கத்தி எதற்கு?" என்கிறார் மனைவி. 75 கிலோவுக்கு இறங்கிய பிறகுதான் அறுவையா என்பதும் இவருடைய கேள்வி. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இரண்டு வரிகள்: ஒரு வருடமாக நாளுக்கு நான்கு சிகரெட், வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது, முடி கொட்டுகிறது, அசதியாக இருக்கிறது. இந்த இரண்டையும் சர்ஜனிடம் சொல்லவில்லை.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் உங்கள் அறுவை எப்படி முடியும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கப் போகின்றன. அவற்றைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன், 62 கிலோவைக் குறைத்து ஏழு மாதம் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, அது எளிதில் எல்லோருக்கும் கைகூடுவதில்லை. மனமார்ந்த பாராட்டுகள்.

உங்கள் மனைவியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இது வெறும் அழகுக்கான ஆசையா? இல்லை. மடிப்புக்குள் ஈரமும் உராய்வும் சேர்ந்து பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வருவது ஒரு நோய். நடக்க முடியாமல் தொடை எரிவது ஓர் இயலாமை. தொங்கும் வயிற்றை வெட்டி எடுக்கும் அறுவையை 1899-லேயே பால்டிமோரில் ஹோவர்ட் கெல்லி என்ற மருத்துவர் செய்து பதிவு செய்திருக்கிறார். நேற்று முளைத்த மோகம் அல்ல இது. அதே சமயம் உங்கள் மனைவியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. இது பெரிய அறுவை. அவரைச் சமாதானப்படுத்தி ஓரமாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த ஆலோசனைக்குக் கூடவே அழைத்துப் போங்கள், அவர் மனதில் இருப்பதைச் சர்ஜனிடம் அவரே கேட்கட்டும்.

இந்தத் தோல் தானாகச் சுருங்குமா?

சுருங்காது. இதை நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. பல ஆண்டுகள் இழுபட்டிருந்த தோலில், அதைத் திரும்பச் சுருங்க வைக்கும் எலாஸ்டின் இழைகள் சிதைந்துவிடுகின்றன, கொலாஜனும் மெலிந்துவிடுகிறது. உடற்பயிற்சி தசையை வளர்க்கும்; அதற்காக அதைத் தொடருங்கள். தோலை அது குறைக்காது. எண்ணெய், களிம்பு, மசாஜ் எதுவும் இந்த அளவுத் தொய்வைத் தொடக்கூட முடியாது. சூடேற்றித் தோலை இறுக்கும் கருவிகள் லேசான தொய்வுக்குத்தான் ஓரளவு உதவும்.

லைபோசக்‌ஷன் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறை. உங்களுக்கு மிஞ்சியிருப்பது தோல். உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்சக் கொழுப்பையும் எடுத்துவிட்டால் மடிப்பு இன்னும் தளர்ந்து தொங்கும். சுருங்கும் தன்மை உள்ள தோலுக்கு அது அருமையான முறைதான். உங்கள் விஷயத்தில் அதற்குத் துணை வேலை மட்டுமே உண்டு, குறிப்பாகத் தொடையில். தழும்பே இல்லாமல் இவ்வளவு தோலைக் குறைக்கிறேன் என்று யார் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

75 கிலோ வரை காத்திருக்க வேண்டியதில்லை. சர்ஜன்களான எங்களுக்கு முக்கியம் எடை நிலையாக நிற்பதுதான். இரைப்பை அறுவை முடிந்து 12 முதல் 18 மாதம், அதில் எடை மாறாமல் குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் என்பது பொதுவான கணக்கு. நீங்கள் இரண்டையும் தாண்டிவிட்டீர்கள். உங்கள் உடல் நிறை குறியீடு 50-லிருந்து 29-க்கு வந்திருக்கிறது. 30-க்குக் கீழே இருப்பவர்களுக்குக் காயச் சிக்கல்கள் குறைவு. இதற்கு மேலும் இறங்குவதற்காகப் பட்டினி கிடந்தால் புரதம் குறையும், காயம் ஆறாது. இன்னொரு விஷயம்: இது எடை குறைப்பு அறுவை அல்ல. வெட்டி எடுக்கும் தோலும் கொழுப்பும் சேர்ந்து சில கிலோ இருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

முதல் வழி, அறுவையே வேண்டாம் என்பது. மடிப்பை உலர்வாக வைத்து, பூஞ்சைக்கு எதிரான மருந்து பூசி, தாங்கிப் பிடிக்கும் இறுக்கமான உள்ளாடை அணிந்து பலர் சமாளிக்கிறார்கள். அது தோல்வி அல்ல. ஆனால் உங்கள் புண் அப்படியும் திரும்பத் திரும்ப வருகிறது.

இரண்டாவது, பானிகுலெக்டமி. தொங்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தைப்பது. வயிற்றுத் தசையை இறுக்க மாட்டார்கள், மேல்வயிற்றைத் தொட மாட்டார்கள். நேரம் குறைவு. புண் தொல்லை தீரும். தோற்றத்தில் பெரிய மாற்றம் வராது. உடல்நிலை பெரிய அறுவைக்கு ஒத்துழைக்காதவர்களுக்கு இது நேர்மையான தீர்வு. காப்பீட்டில் ஏதாவது கிடைக்க வாய்ப்பிருந்தால் பெரும்பாலும் இந்தப் பகுதிக்குத்தான். அதனால் புண் வரும்போதெல்லாம் தேதியோடு படம் எடுத்து, மருத்துவரின் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, அப்டாமினோபிளாஸ்டி. டம்மி டக் என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். தோலை விலா எலும்பு வரை பிரித்து, விலகிப்போன வயிற்றுத் தசைகளை நடுவில் சேர்த்துத் தைத்து, உபரியை வெட்டி, தொப்புளைப் புதிய இடத்தில் வெளியே எடுத்து வைப்பது. வயிறு நன்றாக வரும். ஆனால் உங்களைப் போல இடுப்பைச் சுற்றிலும் தொய்வு உள்ளவர்களுக்கு, முன்பக்கம் மட்டும் இறுக்கினால் இரு பக்க இடுப்பிலும் முட்டிக்கொண்டு நிற்கும். பிட்டம் இருந்தபடியே இருக்கும்.

நான்காவது, உங்கள் சர்ஜன் சொன்ன வட்ட அறுவை. லோயர் பாடி லிஃப்ட் என்றும் பெல்ட் லைபெக்டமி என்றும் சொல்வோம். இரண்டுக்கும் இடையே கோடு எந்த உயரத்தில் போகிறது, எந்தப் பகுதிக்கு முக்கியத்துவம் என்பதில் வேறுபாடு உண்டு. தழும்பு மேலே இருந்தால் இடை நன்றாக ஒடுங்கும், கீழே இருந்தால் பிட்டமும் வெளித்தொடையும் நன்றாக ஏறும். குப்புறப் படுக்க வைத்து முதுகு, பிட்டப் பகுதியை முடித்து, பிறகு மல்லாத்தித் திருப்பி வயிற்றைச் செய்வார்கள். மொத்தம் நான்கு முதல் ஏழு மணி நேரம் ஆகலாம். இந்த அறுவை நிலையான பலனைத் தரத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. தோலுக்கு அடியில், கொழுப்பின் ஊடே ஒரு மெல்லிய சவ்வு அடுக்கு ஓடுகிறது. டெட் லாக்வுட் என்ற அமெரிக்க சர்ஜன் 1991-ல் அதை விரிவாக விவரித்தார். இழுவைப் பாரத்தை அந்தச் சவ்வின் மேல் ஏற்றித் தைத்தால், மேல் தோல் இழுபடாமல் சேரும், தழும்பும் அகலாது.

வற்றிய பிட்டத்துக்கும் இதிலேயே வழி இருக்கிறது. முதுகின் கீழ்ப்பகுதியில் வெட்டி எறிய வேண்டிய திசுவில், மேல் தோலை மட்டும் சீவி எடுத்துவிட்டு, கொழுப்பை அதன் ரத்த ஓட்டத்தோடு பிட்டத்துக்குள் மடித்து வைக்கலாம். உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது என்றீர்களே, அதைப் பற்றி சர்ஜனிடம் குறிப்பாகக் கேளுங்கள். கொழுப்பை ஊசியால் பிட்டத்தில் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், எந்த அடுக்கில் என்று கேளுங்கள். தசைக்குள் ஏற்றிய கொழுப்பு பெரிய சிரைகள் வழியாக நுரையீரலுக்குப் போய் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. 2018-ல் பிளாஸ்டிக் சர்ஜன்களின் அமைப்புகள் சேர்ந்து இதை எச்சரித்தன. தோலடிக் கொழுப்பில் மட்டுமே ஏற்ற வேண்டும்.

உங்களுக்கு வயிற்றில் பக்கவாட்டுத் தொய்வும் அதிகமா என்பதைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. நின்றுகொண்டு தொப்புளுக்கு மேலே இரு பக்கத் தோலையும் நடுவில் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். கை நிறைய வந்தால், நெஞ்செலும்புக்குக் கீழிருந்து செங்குத்தாக ஒரு கோடும் சேர்க்கும் ஃப்ளோர்-டி-லி முறை பொருந்தலாம். இடை அழகாக ஒடுங்கும். ஆனால் இரு கோடுகளும் சந்திக்கும் முனையில்தான் ரத்த ஓட்டம் மிகக் குறைவு, தையல் பிரிவதும் அங்கேதான் அதிகம்.

ஆண்கள் கேட்கத் தயங்கும் ஒன்றை நானே சொல்கிறேன். அந்தரங்க உறுப்புக்கு மேலுள்ள மேட்டுப் பகுதியும் எடை குறைந்த பின் தொங்கி உறுப்பை மறைத்துவிடும். சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்தியத்திலும் தொல்லை தரும். வயிற்றுத் தோலை இறுக்கும்போதே அந்த மேட்டையும் மெலிதாக்கி மேலே தூக்கித் தைக்கலாம். கேட்டால்தான் செய்வார்கள் என்றில்லை, ஆனால் கேட்டுவிடுவது நல்லது. அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கு விரைப்பை வீங்குவது வழக்கம், பயப்பட வேண்டாம்.

ஏன் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யக் கூடாது?

உங்கள் சர்ஜன் மறுத்தது சரி. தொளதொளத்த பேன்ட்டை இடுப்பில் மேலே இழுத்துப் பிடித்தால் வெளிப்பக்கமும் முன்பக்கமும் சுருக்கம் நீங்கி மேலேறும். கால்களுக்கு நடுவே மட்டும் துணி அப்படியே தொங்கும். வட்ட அறுவையும் அப்படித்தான். அது வெளித்தொடையை நன்றாகத் தூக்கும், உள்தொடையை அவ்வளவாகத் தொடாது. அது முடிந்து வீக்கம் வடிந்த பிறகுதான் உள்தொடையில் எவ்வளவு மிச்சம் என்பது தெரியும். சேர்த்துச் செய்தால் ஒரு வேலை மற்றதன் அளவைக் குழப்பும். மயக்க நேரம் நீளும், ரத்த இழப்பு கூடும், உடல் சூடு குறையும், ரத்தக்கட்டு ஆபத்து ஏறும். குறைந்தது மூன்று, முடிந்தால் ஆறு மாதம் இடைவெளி விடுவதே என் வழக்கம்.

உள்தொடை அறுவை எளிதென்று நினைத்துவிடாதீர்கள். தொய்வு மேல் மூன்றில் ஒரு பகுதியோடு நின்றால் கவட்டை மடிப்பிலேயே தழும்பை ஒளிக்கலாம். முழங்கால் வரை தொய்வு இருந்தால் கவட்டையிலிருந்து முழங்கால் வரை நீளமான கோடு தவிர்க்க முடியாதது. வெட்டப்போகும் இடத்தில் முதலில் லைபோசக்‌ஷன் செய்து கொழுப்பை எடுத்துவிட்டு, தோலை மட்டும் மேலோட்டமாக நீக்கும் முறையை நான் விரும்புகிறேன். நிணநீர்க் குழாய்களும் காலின் நீளமான சிரையும் பிழைக்கும், காலில் நீடித்த வீக்கம் வரும் வாய்ப்பு குறையும்.

சிகரெட்டும் ரத்தப் பரிசோதனையும்

இப்போது அந்தக் கடைசி இரண்டு வரிகள். நாளுக்கு நான்கு சிகரெட்தானே என்று நினைக்கிறீர்கள். வயிற்றில் அகலமாகப் பிரித்து இழுத்த தோலின் கீழ் விளிம்பு, தன் ரத்த ஓட்டத்தின் கடைசி முனையில் நிற்கிறது. நிகோடின் அந்த நுண்குழாய்களைச் சுருக்குகிறது, புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஆக்சிஜனைப் பறிக்கிறது. விளைவு, தைத்த இடம் கறுத்து அழுகுவது. எடை குறைப்பு அறுவைக்குப் பிறகு உணவில் கிடைத்த ஆறுதலைச் சிலர் வேறொரு பழக்கத்தில் தேடுகிறார்கள். உங்களுக்கும் அப்படி நேர்ந்திருக்கலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் சர்ஜனிடம் மறைக்காதீர்கள். அறுவைக்கு முன் நான்கு வாரம், பின் நான்கு வாரம் என்பது குறைந்தபட்சம். என்னிடம் வருபவர்களுக்கு முன்னால் ஆறு வாரம் என்கிறேன். நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றிலும் நிகோடின் இருக்கிறது. சிகரெட்டைக் கைவிடுவதற்கு அவற்றின் உதவியை எடுத்துக்கொண்டால், அறுவை நாளுக்குள் அவற்றையும் எப்போது நிறுத்துவது என்று சர்ஜனிடம் பேசி முடிவு செய்யுங்கள். பல மருத்துவமனைகளில் சிறுநீரில் கோட்டினின் (நிகோடின் உடலில் விட்டுச்செல்லும் தடயம்) பரிசோதித்த பிறகே தேதி தருகிறார்கள்.

முடி கொட்டுவதும் அசதியும் தானாகப் போய்விடும் என்று விட்டுவிடாதீர்கள். ஸ்லீவ் அறுவைக்குப் பிறகு இரும்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, துத்தநாகம் எதுவும் குறையலாம். மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை. ரத்தச் சிவப்பணு அளவு, ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, துத்தநாகம், ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்), கூடவே மூன்று மாத சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி, இத்தனையும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையோடு இந்த மேசையில் ஏறக் கூடாது. புரதம் நாளுக்கு 60 கிராம் அன்றாடத் தேவை. அறுவைக்கு முந்தைய மாதங்களில் அதைவிட அதிகமாக, உங்கள் எடைக்கு ஏற்ப உணவியலாளரிடம் கேட்டு எடுங்கள். குறைகளைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆகலாம். அந்த மூன்று மாதத்தைத் தாமதமாக எண்ண வேண்டாம், சிகிச்சையின் முதல் கட்டம் அது.

முன்பு குறட்டைக்கும் மூச்சடைப்புக்கும் கருவி பயன்படுத்தியிருந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லுங்கள். எடை குறைக்கும் ஊசி மருந்து ஏதாவது போட்டுக்கொண்டால் அதையும் சொல்ல வேண்டும்; அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மயக்கத்தின்போது வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. லேப்ராஸ்கோப்பித் துளைகளின் வழியே குடலிறக்கம் ஏதும் உண்டா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

எதற்குத் தயாராக இருக்க வேண்டும்

சிக்கல்களில் பெரும்பாலானவை சிறியவை, ஆனால் அடிக்கடி வருபவை. இந்த வட்ட அறுவையில் மூன்றில் ஒருவருக்கோ அதற்கு மேலோ ஏதோ ஒரு காயத் தொல்லை வருவதாகப் பல மருத்துவ அனுபவப் பதிவுகள் சொல்கின்றன: தையல் ஓரிடத்தில் விலகுவது, தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்வது, சிறு தொற்று. நீர் கோத்தால் ஊசியால் எடுத்துவிடலாம், பிரிந்த இடம் கட்டுப்போட்டு வாரக்கணக்கில் ஆறும். ஆண்களுக்கு ரத்தம் கசிந்து கட்டுவது சற்று அதிகம்.

பெரிய ஆபத்து ஒன்றுதான், கால் சிரையில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது. அதனால்தான் அறுவையின்போதே கெண்டைக்காலில் அழுத்தும் உறை போடுகிறோம், ரத்தம் உறையும் ஆபத்தைக் கணக்கிடும் காப்ரினி மதிப்பெண் பார்த்து ரத்த உறைவைத் தடுக்கும் ஊசி போடுகிறோம், முடிந்தால் அன்று மாலையே நடக்க வைக்கிறோம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். இதை உங்கள் மனைவியும் அறிந்திருக்க வேண்டும்.

முதல் சில நாள் கடினம். முன்பக்கத் தையல் நிமிர்ந்தால் இழுக்கும், பின்பக்கத் தையல் குனிந்தால் இழுக்கும். இடுப்பைச் சற்றே மடித்தபடி மெதுவாக நடக்க வேண்டியிருக்கும். முதல் முறை எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுந்துவிட்டால் தையல் மொத்தமும் பிரியலாம், எனவே இரு பக்கமும் ஆள் வேண்டும். உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாய்கள் ஒரு வாரமோ இரண்டு, மூன்று வாரமோ இருக்கும். இறுக்கமான உடையை ஆறு வாரம் போட வேண்டும். கனம் தூக்குவதும் கடினப் பயிற்சியும் அதுவரை கூடாது. உட்கார்ந்து பார்க்கும் வேலையானாலும் மூன்று, நான்கு வாரம் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். தொப்புளுக்குக் கீழே மாதக்கணக்கில் மரத்திருக்கும், சிறு பகுதியில் உணர்வு திரும்பாமலும் போகலாம்.

தழும்பு இடுப்பைச் சுற்றி வாழ்நாள் முழுவதும் இருக்கும். முதல் சில மாதம் சிவந்து தடித்திருக்கும். முதிர்ந்து மங்க 12 முதல் 18 மாதம் ஆகும். உள்ளாடைக்குள் மறையும்படி கோட்டை வைக்கப் பார்ப்பார்கள். அறுவைக்கு முன் நீங்கள் அணியும் உள்ளாடையை எடுத்துப்போய் அதன் விளிம்பைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோல் மீண்டும் ஓரளவு தளர்வதும் உண்டு, சிறு திருத்த அறுவை தேவைப்படுவதும் உண்டு. அதற்குக் கட்டணம் யார் பொறுப்பு என்பதை இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

என்னிடம் நீங்கள் வந்திருந்தால் சொல்லியிருப்பது இதுதான். உங்களுக்குப் பொருந்துவது வட்ட அறுவை, அடுத்த கட்டமாக உள்தொடை. அதற்கு முன் இன்றே சிகரெட்டை நிறுத்துங்கள், வைட்டமின் மாத்திரைகளை மறுபடி தொடங்குங்கள், இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்ஜனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எடை வெகுவாகக் குறைந்தவர்களுக்கு இந்த அறுவையை எவ்வளவு காலமாக அடிக்கடி செய்கிறீர்கள்? உங்களிடம் செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு மறுபடி அறுவை அறைக்குப் போக நேர்ந்தது? இரவில் ஏதாவது ஆனால் யார் வந்து பார்ப்பார், தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா? கோபப்படாமல் பதில் சொல்பவரிடம் நம்பிக்கையோடு போகலாம். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எண்களோடு எனக்கு எழுதுங்கள். ஹீமோகுளோபினோ ஆல்புமினோ குறைவாக இருந்தால், எவ்வளவு காலம் தள்ளிப்போடுவது என்பதைச் சேர்ந்து பார்த்துச் சொல்கிறேன்.